சுஹ்ரா சொல்ல வந்தது

(பீர்மேட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மழையில் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். மழைக்கு ஒதுங்கியவர் யார், பேச்சுக்கு வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊர் இது. எதற்கு வந்திருந்தாலும் உட்காருங்கள். குடையை மட்டும் வாசலிலேயே மடக்கி வைத்துவிடுங்கள், புத்தக அலமாரி பக்கத்தில் இருக்கிறது.

கூட்டத்துக்கு ஏற்பாடு செய்த தம்பி போன வாரம் போனில் கேட்டார், "சார், தலைப்பு என்னன்னு போடட்டும்?" "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காதலும் சாவும் துக்கமும்" என்றேன். கொஞ்ச நேரம் போனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "சார், பத்தாங்கிளாஸ், பிளஸ் டூ பிள்ளைங்க வருவாங்க. 'இளைஞரும் வாசிப்பும்'னு போட்டுக்கலாமா?" என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். நோட்டீசில் அதுதான் இருக்கிறது. நான் பேசப்போவது முதலில் சொன்னதைத்தான்.

ஒரு மலையாள நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூறு பக்கம்கூட வராத புத்தகம். வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'பால்யகாலசகி'. முதல் பதிப்பு 1944. எம்.பி. பால் என்ற பெரிய விமர்சகர் முன்னுரை எழுதினார். இதை முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்து, அப்புறம்தான் பஷீர் மலையாளத்தில் எழுதினார். ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் இன்று நாம் யாரும் அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம் என்பது என் எண்ணம். அந்தக் கதையின் உயிர் வீட்டுப் பேச்சில் இருக்கிறது. உம்மா, வாப்பா என்று கூப்பிடுகிற பேச்சு. அதனால்தான் தமிழில் படிக்கும்போதும் அது அந்நியமாகத் தெரிவதில்லை. தமிழில் இது இரண்டு முறை வந்திருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட்டுக்காக சி.எஸ். விஜயம் செய்தது ஒன்று. காலச்சுவடு வெளியிட்ட, குளச்சல் மு. யூசுஃப் மொழிபெயர்ப்பு இன்னொன்று. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் ஆர்.இ. ஆஷர். தமிழுக்கு இலக்கணம் எழுதிய வெள்ளைக்காரர் அவர் என்பதைத் தமிழ் வாத்தியார் என்ற முறையில் சொல்லாமல் விட முடியவில்லை.

குளச்சல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் ஊர்ப் பெயரில் இருக்கும் 'பீர்' யார் என்று பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். அது பீர் முகம்மது அப்பா. தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய தமிழ் சூஃபி. நெசவுத் தொழில் செய்தவர், 'ஞானப்புகழ்ச்சி' பாடியவர். இந்த மலையில் வந்து தனித்திருந்தார், அதனால்தான் இது பீர்மேடு ஆயிற்று என்பது மரபாக வரும் பேச்சு. அவர் அடங்கிய தக்கலையும் யூசுஃபின் குளச்சலும் ஒரே மாவட்டம், பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பஷீரின் தலையோலப்பறம்போ இந்தப் பக்கம், கே.கே. ரோட்டில் இறங்கிக் கோட்டயம் போய் வைக்கம் சாலையில் திரும்பினால் வந்துவிடும். தெற்கிலிருந்து ஒரு தமிழரின் பெயர் மலையேறி வந்தது. மேற்கிலிருந்து ஒரு மலையாளக் கதை தெற்கே போய்த் தமிழாகி நம்மிடம் வந்தது. இந்தப் புத்தகத்தைப் பேச பீர்மேட்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கதையைச் சொல்கிறேன். முடிவையும் சேர்த்தே சொல்வேன். முடிவு தெரிந்தபின் படித்தாலும் கெட்டுப்போகாத புத்தகம் இது.

பக்கத்துப் பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள். மஜீதுக்கு ஒன்பது வயது, சுஹ்ராவுக்கு ஏழு. அவன் வசதியான வீட்டுப் பையன், அவள் இல்லாத வீட்டுப் பெண். ஆரம்பத்தில் ஜென்மப் பகை. கையில் நகம் வளர்த்து வைத்துக்கொண்டு கிள்ளுவாள் அவள். மாம்பழத்தில் பிறக்கிறது சண்டை, மாம்பழத்திலேயே சமாதானமும் ஆகிறது. பள்ளிக்கூடத்தில் மஜீதுக்குக் கணக்கு வராது. ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று வாத்தியார் கேட்கிறார். இரண்டு ஆறு ஒன்று கூடினால் இரண்டு ஆறா ஆகிறது, முன்னைவிட அகலமான ஒரே ஆறாகத்தானே போகிறது, அதனால் ஒன்றும் ஒன்றும் பெரிய ஒன்று என்று அந்தப் பையன் கணக்குப் போடுகிறான். வகுப்பு சிரிக்கிறது, அடி விழுகிறது. மலையாளிகள் இன்றும் காதலைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். முல்லையாறும் பெரியாறும் கூடுகிற தாலுகாவில் இருப்பவர்கள் நாம். கூடிய இடத்தில் அணை கட்டி 1895 முதல் அந்தப் பெரிய ஒன்றுக்கு இரண்டு பேர் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு கதை. அதற்குள் நான் போகவில்லை.

சுஹ்ராவின் வாப்பா இறந்துபோகிறார். அவள் படிப்பு நிற்கிறது. அந்தப் பிள்ளையின் படிப்புச் செலவையும் நாமே பார்த்துக்கொள்ளலாமே என்று மஜீதின் உம்மா கேட்டுப் பார்க்கிறாள். மஜீதின் வாப்பா சம்மதிக்கவில்லை. இந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் கடக்க முடிவதில்லை. நன்றாகப் படிக்கிற பெண் வீட்டில் உட்கார்கிறாள், கணக்கு வராத பையன் பள்ளிக்கூடம் போகிறான். பஷீர் அங்கே கோபப்படுவதில்லை, பிரசங்கம் செய்வதில்லை. அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். நான் இந்த மலையில் இருபத்தாறு வருடம் வாத்தியாராக இருந்தவன். வருகைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே வரிசையாகச் சுழி விழுந்துகொண்டே போய், ஒரு நாள் அந்தப் பெயரே அடிக்கப்படும். அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்று பதிவேடு சொல்லாது. பஷீர் சொல்லியிருக்கிறார்.

பிறகு அப்பாவோடு சண்டை, மஜீத் வீட்டை விட்டுப் போகிறான். வருஷக்கணக்கில் ஊர் ஊராக அலைகிறான். திரும்பி வரும்போது வசதியான வீடு கடனில் மூழ்கியிருக்கிறது. சுஹ்ராவை ஒரு கசாப்புக் கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அங்கே பட்ட அடி உதையில் அவள் உருக்குலைந்து திரும்பி வந்திருக்கிறாள். இரண்டு பேரும் மறுபடி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மஜீதுக்குத் தங்கைகள் இருக்கிறார்கள், கல்யாணச் செலவு இருக்கிறது. காசு சம்பாதிக்க மறுபடி புறப்பட வேண்டும். அவன் காதலை விட்டுப் போகவில்லை, குடும்பத்துக்காகப் போகிறான். 2000-ஐ ஒட்டித் தேயிலை விலை விழுந்து, இந்தப் பக்கம் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொளுந்து எடுக்க ஆளில்லாமல் செடி மரமாக வளர்ந்தது. தொழிலாளர் லயத்தில் பதினாறு வயசுப் பையன் இல்லாமல் போனான். திருப்பூர், கொச்சி, எங்கெங்கோ.

புறப்படும் நாளில் சுஹ்ரா என்னவோ சொல்ல வாயெடுக்கிறாள். அதற்குள் ரோட்டில் பஸ் ஹார்ன் விடாமல் அடிக்கிறது. உம்மா உள்ளே வருகிறாள். மஜீத் போய்விடுகிறான். தூர தேசத்து நகரத்தில் வேலை கிடைக்கிறது, ஒரு விபத்தில் ஒரு கால் போகிறது, வேலையும் போகிறது. ஒரு ஹோட்டலில் எச்சில் பாத்திரம் கழுவுகிறான். அங்கே ஒரு நாள் வீட்டிலிருந்து கடிதம் வருகிறது. சுஹ்ரா நோயில் கிடந்து இறந்துவிட்டாள். அன்றைக்கு அவள் சொல்ல வந்தது என்ன என்ற கேள்வியோடு நாவல் நின்றுவிடுகிறது. பதில் கிடையாது.

இதில் என்ன பெரிய விஷயம், இப்படி ஆயிரம் கதை உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு பையனைப் பார்க்கும் வரை.

பல வருடத்துக்கு முந்தைய விஷயம். எந்தப் பள்ளிக்கூடம், எந்த எஸ்டேட் என்று சொல்லப்போவதில்லை. என்னிடம் படித்த ஒரு பெண் காய்ச்சலில் இறந்துவிட்டாள். நாங்கள் வாத்தியார்கள் எல்லாரும் லயத்துக்குப் போனோம். இழவு வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம் ஆட்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தாலும் தேனியிலிருந்து வந்தாலும் அந்த ஒழுங்கை விடுவதில்லை. கோடி போடத் தாய்மாமன், நீர்மாலைக்குப் பங்காளி, தலைமாட்டில் பெற்றவள், சுற்றி அத்தை, சித்தி, பெரியம்மா. வந்த ஒவ்வொருவரும் கட்டிப்பிடித்து அழ ஒரு முறை, சொல்லி அழ ஒரு சொல். ஒப்பாரி சொல்கிறவள் "நான் பெத்த மகளே" என்பாள், "என் கூடப் பொறந்தவளே" என்பாள். உறவுக்குப் பெயர் சொல்லித்தான் ஒப்பாரி தொடங்கும். துட்டி கேட்க வந்தவனுக்கும் ஒரு இடம் உண்டு, பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு.

அந்தக் கூட்டத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் பைப்படியில் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். யாரும் அவனைச் சுமக்கச் சொல்லவில்லை. நல்ல பையன், ஒத்தாசை செய்கிறான் என்று ஒரு பெரியவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடக்கம் முடிந்த பிறகு ஒரு வாரம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. வந்த அன்று, "சொந்தக்காரங்களே மூணாம் நாளு வேலைக்குப் போயிட்டாங்க, உனக்கு என்னடா?" என்று கேட்டேன். கேட்டவன் நான்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்த ஆறு நாளுக்கும் சுழி போட்டேன். இரண்டு பேரும் நோட்டு மாற்றிக்கொள்வார்கள் என்பதும், அந்தப் பெண்ணின் கையெழுத்து உள்ள தமிழ் நோட்டு இன்னும் அவனிடம்தான் இருந்தது என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அதைப் பெற்றவர்களிடம் கொடுப்பதா, தானே வைத்துக்கொள்வதா என்று அவனுக்குத் தெரியவில்லை. கொடுத்தால் ஏன் உன்னிடம் இருந்தது என்பார்கள். அந்த வீட்டில் அழுவதற்கு அவனுக்கு ஒரு இடம் கிடையாது. தண்ணீர் சுமக்கத்தான் இடம் இருந்தது.

அமெரிக்காவில் கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1989-இல் இதற்கு ஒரு பெயர் வைத்துப் புத்தகமே கொண்டுவந்தார். ஊர் அங்கீகரிக்காத துக்கம் என்று அதைச் சொல்லலாம். இறந்தவரோடு இவனுக்கு இருந்தது ஓர் உறவே இல்லை என்று சுற்றம் முடிவுகட்டிவிட்டால் இவனுடைய அழுகைக்கு ஆறுதல் சொல்லவும் ஆள் வராது. பெயர் அங்கே பிறந்திருக்கலாம், ஆனால் பைப்படியில் நின்றவன் நம் பையன்.

நம் பழைய இலக்கியமும் அவனுக்கு இடம் வைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், தமிழாசிரியர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அகத்திணையில் புணர்தல் குறிஞ்சிக்கு, இருத்தல் முல்லைக்கு, பிரிதல் பாலைக்கு, ஊடல் மருதத்துக்கு, இரங்கல் நெய்தலுக்கு. இறத்தலுக்கு நிலம் ஏது? தலைவன் வராவிட்டால் உயிர் போய்விடும் என்று தலைவி சொல்வாள், மடலேறுவேன் என்று தலைவன் மிரட்டுவான். ஆனால் காதலித்தவர்களில் ஒருவர் செத்து மற்றவர் அழுவதற்கு அகத்தில் ஒரு துறை கிடையாது. சாவு புறத்துக்குப் போய்விட்டது. புறத்திலும் அது உறவுமுறைப்படிதான் வரிசை பிடித்து நிற்கிறது. கணவனை இழந்தவள் நிலைக்குத் தாபத நிலை, மனைவியை இழந்தவன் நிலைக்குத் தபுதார நிலை, புரவலனை இழந்த புலவனுக்குக் கையறுநிலை. மனைவியை ஈமத்தீக்குக் கொடுத்த பிறகும் தான் உயிரோடு இருக்கிறோமே என்று திகைத்த சேர மன்னன் மாக்கோதையின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஆனால் அவன் கணவன். கணவனுக்கு உரிமை உண்டு. காவிரி கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடிக் கரைநெடுக அலைந்த ஆதிமந்தி அகப்பாடல்களில் வருகிறாள்; வெள்ளிவீதியார் சொல்கிறார், பரணர் சொல்கிறார். அவளும் இன்னொருத்தியின் துயரத்துக்கு உவமையாகத்தான் வந்து போகிறாள்.

களவில் இருந்தவர்களில் ஒருவர் இறந்தால் மற்றவர் யார்? அவர் தாபதமும் இல்லை, தபுதாரமும் இல்லை. அவர் பைப்படியில் நிற்கிறார்.

சாவு நேர்ந்தால் சர்க்கார் கேட்கிற முதல் கேள்வியும் வாரிசு யார் என்பதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர் போயிற்று. பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், நம் தமிழ் ஆட்கள். கயத்தாறு பக்கத்து ஊர்களிலிருந்து தலைமுறைக்கு முன்னால் மலையேறியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். குடும்பம் குடும்பமாகப் பட்டியல் வந்தது, நிவாரணம் பேசப்பட்டது, வாரிசு தேடப்பட்டது. அதெல்லாம் வேண்டியதுதான், இன்னும் வேகமாக வந்திருக்க வேண்டியதும்கூட. நான் யோசித்தது வேறு. அந்தப் பிள்ளைகளின் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மறு வருஷம் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்?

பஷீர் இதற்கு என்ன செய்தார் என்று பார்ப்போம். அவருக்கு முன்னால் கேரளத்தில் காதல் துயரத்தின் பெரிய புத்தகம் சங்ஙம்புழ கிருஷ்ணபிள்ளையின் 'ரமணன்'. 1936-இல் தன் நண்பரும் கவிஞருமான இடப்பள்ளி ராகவன்பிள்ளை தற்கொலை செய்துகொண்ட துக்கத்தில் சங்ஙம்புழ எழுதியது. ஒரு தலைமுறையே அதை மனப்பாடமாகச் சொல்லித் திரிந்தது. ஆடு மேய்க்கும் ஏழை இளைஞன், பணக்கார வீட்டுப் பெண், கடைசியில் அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். வங்காளத்தில் சரத்சந்திரரின் 'தேவதாஸ்' 1917-இல் வந்தது. அவன் குடித்தே செத்தான். அவனை நாம் சினிமாவில் எத்தனை முறை சாகவைத்திருக்கிறோம்! காதல் பெரியது என்று காட்ட வேண்டுமானால் காதலித்தவனைக் கொல்ல வேண்டும் என்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அழகான புத்தகங்கள்தான். ஆனால் பதினைந்து வயசில் படிக்கிற பையனுக்கு அவை ஒரு வழியை மட்டும்தான் காட்டுகின்றன.

பஷீர் மஜீதைக் கொல்லவில்லை. அதுதான் அவர் செய்த காரியம். ஒரு கால் இல்லாதவன், கையில் காசு இல்லாதவன், சுஹ்ராவும் இல்லாதவன். கடிதம் வந்த பிறகும் வெளியே வெயில் அடிக்கிறது, நகரம் இரைந்துகொண்டிருக்கிறது, எதுவும் நிற்கவில்லை. அவன் நினைப்பு உம்மா வாப்பாவுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று போகிறது. சாகவில்லை என்றால் என்ன செய்வது என்பதுதான் துக்கத்தில் கஷ்டமான பகுதி. அந்தக் கஷ்டத்தோடு அவனை விட்டுவிடுகிறார்.

அந்தக் கடிதம் இருக்கிறதே, அதற்கு வருகிறேன். அது உம்மா எழுதியது, அதாவது எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தது. சுஹ்ரா தன் வீட்டில், இந்த உம்மாவின் மடியில் தலைவைத்து இறந்தாள் என்று அதில் வருகிறது. அவளை எங்கே அடக்கினார்கள் என்பது வருகிறது. கடைசிவரை உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றும் வருகிறது. உடனே கடன், வீடு கைவிட்டுப் போகும் நிலை என்று குடும்பக் கஷ்டம் தொடர்கிறது. சுஹ்ரா அவர்கள் வீட்டு மருமகள் இல்லை. ஊர்க் கணக்கில் அவள் பக்கத்து வீட்டுப் பெண், இன்னொருவன் கட்டிவிட்ட பெண். ஆனால் இந்தத் தாய் தன் மடியைக் கொடுத்திருக்கிறாள். அதை மகனுக்குச் சொல்லியும் அனுப்பியிருக்கிறாள். "எனக்குத் தெரியும்பா" என்று அவள் எங்கும் சொல்லவில்லை. சொல்லாமலே, இழவு வீட்டில் அவனுக்கு இல்லாத இடத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டாள், அதுவும் இன்னொருவர் கையெழுத்தில்.

இந்தப் புத்தகத்தை நான் வகுப்பில் வாசித்தேன். சிலபஸில் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், வெளியே மழை, தேர்வுக்கு நாள் இருந்தது. வாரத்துக்குப் பத்துப் பக்கம் என்று சில வாரம் போயிற்று. கடித இடம் வந்த அன்று மணி அடித்தும் பிள்ளைகள் எழவில்லை. எல்லோரும் போன பிறகு அந்தப் பையன், பைப்படிப் பையன், என் மேசைக்கு வந்தான். "சார், அந்த உம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டான். எந்த உம்மாவுக்கும் தெரியும்டா, சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான் என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். "அப்ப அவங்க அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்குமா சார்?" என்றான். இந்த 'அவங்க' யார் என்று நான் கேட்கவில்லை. அந்த வாரக் கடைசியில் நோட்டை அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தான் என்று பிறகு தெரிந்தது. அங்கே என்ன நடந்தது, அந்த அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டதும் இல்லை.

இப்போது நம் அலமாரிக்கு வருவோம். தமிழில் சிறுவர் கதை இருக்கிறது: பேசும் கிளி, புத்திசாலி முயல். இப்போது நல்ல எழுத்தாளர்கள் பலர் வந்து அதை எவ்வளவோ மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். அதை விட்டால் நேரே பெரியவர்கள் நாவல். நடுவில், பதிமூன்று வயசுக்கும் பதினெட்டு வயசுக்கும் இடையில், பலகை காலியாகக் கிடக்கிறது. அமெரிக்காவில் இந்த வயதுக்கென்று தனி அலமாரியே வைத்துவிட்டார்கள். எஸ்.இ. ஹின்டன் என்ற பெண் பள்ளிக்கூடம் படிக்கும்போதே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967-இல் வந்தது. தன் மகனின் சிநேகிதி மின்னல் தாக்கி இறந்ததும் அவன் தவித்ததைப் பார்த்து கேத்தரின் பேட்டர்சன் 'பிரிட்ஜ் டு டெரபிதியா' எழுதினார், அது 1977. 2012-இல் வந்த ஜான் கிரீனின் நாவல் ஒன்று, புற்றுநோய் வந்த இரண்டு பிள்ளைகளின் காதல் கதை, இந்தியிலும் 'தில் பேச்சாரா'வாக 2020-இல் படமாக வந்தது. அவர்கள் அலமாரியில் குப்பையும் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அலமாரி இருக்கிறது.

நம்மிடம் இந்த வேலையைச் செய்தது சினிமாதான். பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' 1979-இல் வந்தது. மூன்று பையன்கள், அவர்கள் மனசில் ஒரு டீச்சர், கடைசியில் மூன்று பேரில் ஒருவன் தண்ணீரில் போய்விடுகிறான். கூட்டாளியின் சாவை இவ்வளவு அமைதியாகச் சொன்ன தமிழ் நாவல் எது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று வரவில்லை. நாவலில் என்று கேட்டால் நான் கையில் எடுப்பது ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டு குமரி மாவட்டத்துப் பனைவிளை கிராமத்தை எழுதியவர். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் வைக்கப்படும் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜ். அங்கே காதல் கடைசியில் கைகூடுகிறது. எனக்கு அதில் பிடித்தது காதல்கூட இல்லை. ஜன்னல் வழியாக மட்டும் உலகத்தைப் பார்க்கிற பெண்ணின் பொழுது எப்படிப் போகும் என்று எழுதியிருப்பதுதான். அது பதினாறு வயசுப் பெண்களுக்கான புத்தகம் என்று நம்மில் யாரும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. கல்லூரிப் பாடத்திட்டத்துக்குப் போயிற்று, அங்கே ஐந்து மதிப்பெண் கேள்வி ஆயிற்று.

பிள்ளைகளுக்குத் துக்கக் கதை கொடுக்கலாமா, மனசு கெட்டுப்போகாதா என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். தலைப்பை மாற்றிய தம்பியின் கவலையும் அதுதான், நியாயமான கவலை. லயத்தில் வீடு ஒட்டி வீடு. அடுத்த சுவரில் இருமினால் இந்தச் சுவரில் கேட்கும். நம் பிள்ளைகள் சாவைப் பார்க்காமல் வளர்வதில்லை. பத்து வயதுக்குள் நாலு இழவு பார்த்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியாத விஷயம் எதையும் பஷீர் சொல்லிவிடப்போவதில்லை. காதலும் அப்படித்தான். பஸ்ஸில் யார் எந்த சீட்டில் உட்கார்கிறார்கள் என்று கண்டக்டருக்கே தெரியும்.

நேரமாகிறது, ஏலப்பாறை போகிறவர்களுக்குக் கடைசி பஸ் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

புத்தகம் வாசித்து முடித்த பிறகு, ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள் என்றேன்: சுஹ்ரா அன்றைக்கு என்ன சொல்ல வந்திருப்பாள்? பெயர் போட வேண்டாம், மார்க் கிடையாது. பையன்களில் பாதிப் பேர் 'போகாதே' என்று எழுதியிருந்தார்கள். 'என்னையும் கூட்டிட்டுப் போ' என்று சிலர். ஒருவன் 'லெட்டர் போடு' என்று எழுதி, அடித்து, 'போன் பண்ணு' என்று திருத்தியிருந்தான். 'அது அவங்க ரெண்டு பேருக்குள்ள, நமக்கு எதுக்கு சார்' என்று ஒரு தாள். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

கடைசித் தாள் ஒரு பெண்ணினுடையது. பெயர் போட வேண்டாம் என்றிருந்தும் போட்டிருந்தாள். பூட்டிய எஸ்டேட்டிலிருந்து தினமும் மூன்று கிலோமீட்டர் நடந்து வருகிற பிள்ளை, அப்பா வெளியூரில் வேலை. அவள் எழுதியிருந்தது இது. 'எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்ல வந்திருப்பா சார். சொல்லியிருந்தா அவன் போயிருக்க மாட்டான். அப்புறம் தங்கச்சிங்க கல்யாணம் எப்படி நடக்கும்? பஸ் ஹார்ன் அடிச்சதும், நல்லவேளை சொல்லலைன்னு நெனச்சிருப்பா.'